மலையெழுத்தும் கடலடிக் கலமும்
மூழ்கிய மரக்கலங்களின் எண்முறைப் பதிவு குறித்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அழகர்கோவிலிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் கிடாரிப்பட்டி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரை ஒட்டி எழும் அழகர்மலைச் சரிவில் இயற்கையாய் அமைந்த குகைத்தளம் ஒன்றுண்டு. பஞ்சபாண்டவர் படுக்கை என்று ஊரார் அதனை வழங்குவர். சமணத் துறவியர் தங்கிய அக்குகையின் நெற்றியில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழ்-பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன.

சில ஆண்டுகளுக்கு முன் நம் இறையியல் மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றோம். உச்சி வெயிலில் மலையேறிச் சேர்ந்தபோது எழுத்து ஒன்றும் புலப்படவில்லை. பாறை பாறையாகவே நின்றது. மாணவர் ஒருவர் நீண்ட கழியின் நுனியில் கைவிளக்கைக் கட்டி, அதன் ஒளி பாறையின்மேல் சாய்வாக விழும்படி பிடித்தார். வெட்டுக்களின் ஓரத்தில் நிழல் விழுந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாய் எழுந்து நின்றன. அங்குப் பொறிக்கப்பட்ட கொடையாளர் பெயர்களை நாம் விளக்கியபோது, உப்பு வணிகன் என்ற சொல்லைக் கேட்டு இன்னொரு மாணவர் வினவினார்: "ஐயா, உப்பு கடலிலிருந்துதானே வந்திருக்கும்? வணிகரின் பெயர் மலைமேல் இருக்கிறது. அவர்கள் காலத்துக் கப்பல்கள் எங்கே?"

அவ்வினாவுக்கு அன்று நாம் தந்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர் அதுபற்றிப் படித்தும் எண்ணியும் அறிந்தவற்றை இக்கட்டுரையில் தொகுத்துரைக்க முற்படுகிறோம். பழங்கலங்களைக் கடலடியில் கண்டு பதிவு செய்யும் முறை கடந்த அறுபது ஆண்டுகளில் எவ்வாறு வளர்ந்தது, டிஜிட்டல் எனப்படும் எண்முறைப் பதிவு அதில் என்ன மாற்றம் விளைத்தது, அருட்பணியாளராகிய நாம் அதனின்று கற்க வேண்டியது யாது என்னும் மூன்றும் இங்கு ஆராயப்படும்.

1. மலைமேல் பெயர், கடலடியில் சரக்கு

அழகர்மலைக் கல்வெட்டுகளில் மதுரையைச் சார்ந்த பொன்கொல்லன், உப்பு வணிகன், கொழு வணிகன், பாணித வணிகன் முதலியோர் கொடையாளராகக் காணப்படுகின்றனர். கொழு என்பது ஏரில் பூட்டும் இரும்பு. பாணிதம் என்பது கருப்பஞ்சாற்றின் பாகு. அருகிலுள்ள மாங்குளத்துக் கல்வெட்டுகளோ நெடுஞ்செழியனின் பெயரையும், வெள்ளறை என்னும் ஊரின் வணிகர் குழுவாகிய நிகமத்தையும் குறிக்கின்றன. மாங்குளத்து எழுத்துகளை 1882-இல் இராபர்ட் சீவெல் கண்டறிவித்தார். ஆயினும் அவை தமிழ்மொழியில் அமைந்தவை என்பதை 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டும் வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. பின்னர் ஐராவதம் மகாதேவன் குகைதோறும் சென்று படியெடுத்து, ஒப்புநோக்கித் திருத்தமான வாசிப்புகளை வழங்கினார். பாறையில் எழுத்து இருந்தால் மட்டும் போதாது. அதனைச் செம்மையாகப் பதிவு செய்தாலன்றி அது பேசாது என்பதற்கு இவ்வரலாறே சான்று.

மதுரையைக் கடந்து செல்லும் வைகை கடலை அணுகும் பகுதியில், இராமநாதபுரம் மாவட்டத்தில், அழகன்குளம் உள்ளது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கு நிகழ்த்திய அகழாய்வில் பாய்மரக் கப்பலொன்றின் உருவம் கீறப்பட்ட பானையோடு கிடைத்தது. எகிப்து நாட்டின் செங்கடல் துறையாகிய பெரெனிக்கேயிலும், குசேர் அல்-கதீமிலும் தமிழ்ப் பெயர் தாங்கிய பானையோடுகள் கிடைத்துள்ளன. இவ்வாறு வணிகனின் பெயர் உண்டு. கப்பலின் கோட்டுருவம் உண்டு. தூரநாட்டில் அவன் விட்டுச்சென்ற பாண்டத்தின் ஓடும் உண்டு. கப்பலின் உடல் மட்டும் எளிதில் அகப்படுவதில்லை. வெப்பக் கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு, மணலால் மூடப்படாத பலகையைச் சில ஆண்டுகளில் அரித்துவிடும். எஞ்சுவன கல்லும், கண்ணாடியும், உலோகமும், சுட்ட மண்ணுமே.

நம் கீழைக் கரையிலும் இத்தகைய சரக்கு கிடைத்ததுண்டு. 1981 முதல் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் எஸ். ஆர். ராவ் தலைமையில் பூம்புகார்க் கடலில் ஆய்வு நடத்தினர். பின்னர் அக்கடலில் ஆராயப்பட்ட பிற்காலக் கப்பலொன்றின் சிதைவில் ஈயப் பாளங்கள் கிடைத்தன. அவற்றில் பிளாக்கெட் என்னும் பெயரும் 1791, 1792 ஆகிய ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. அவ்வெழுத்தே சரக்கு இங்கிலாந்தினின்று வந்தது என்பதையும், கலம் மூழ்கிய காலத்தின் மேல் எல்லையையும் உணர்த்திற்று. 2025-இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை பூம்புகார்க் கடலில் மீண்டும் ஆய்வு தொடங்கியது.

2. கோதவாயாக் கலம்

அழகர்மலை வணிகரின் காலத்தைச் சார்ந்த கலமொன்று நமக்கு அண்மையிலேயே, இலங்கையின் தென்கரையில் கிடைத்துள்ளது என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே. அம்பாந்தோட்டை மாவட்டத்தில் வளவை ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே கோதவாயா என்னும் பழந்துறை உண்டு. 2003-இல் அங்குச் சங்கு குளிக்கும் மீனவர் இருவர், முப்பது மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், கால்கள் வைத்துச் செதுக்கிய அம்மி போன்ற கல்லொன்றைக் கண்டனர். தொல்லியலார் பின்னர்ச் சென்று ஆய்ந்தபோது கண்ணாடிக் கட்டிகளும், துருவேறி ஒன்றோடொன்று இறுகிய இரும்புச் சரக்கும், பாண்டங்களும், இத்தகைய அரைகற்களும் புலப்பட்டன. மரத்துண்டுகளின் கரிமக் கணிப்பு இக்கலத்தைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்கும் கி.பி. முதல் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் காட்டிற்று. இந்துமாக்கடலில் இதுவரை அறியப்பட்ட மூழ்கிய கலங்களுள் இதுவே பழமையானது என்பர். இலங்கைத் தொல்லியலாரும், அமெரிக்காவின் கடல்சார் தொல்லியல் நிறுவனத்தாரும், பிரெஞ்சு ஆய்வாளரும் கூடி 2012 முதல் இதனை அகழ்ந்தனர்.

அரைகற்களில் ஒன்றில் மீன், ஸ்ரீவத்சம், நந்திபாதம் ஆகிய மங்கலக் குறிகள் பொறிக்கப்பட்டுள்ளன. கரையிலுள்ள பழைய பௌத்த விகாரையின் பாறையிலோ, கோதவாயாத் துறையில் பெறப்படும் சுங்கத்தைக் கஜபாகு மன்னன் அவ்விகாரைக்கு வழங்கினான் என்னும் கல்வெட்டு உண்டு, அது கி.பி. இரண்டாம் நூற்றாண்டினது. அழகர்மலையில் வணிகர் சமணத் துறவியர்க்குக் குகையில் படுக்கை வெட்டிக் கொடுத்தனர். கோதவாயாவில் துறைமுக வருவாய் பிக்குகளைப் போற்றியது. கடல் வணிகமும் துறவோர் வாழ்வும் இவ்வாறு ஒன்றையொன்று சார்ந்து நின்றன. கடலில் கிடைத்த கல்லும் கரையில் கிடைத்த எழுத்தும் சேர்ந்தே இவ்வரலாற்றை உரைக்கின்றன.

ஆனால் ஒன்றைக் கருதவேண்டும். கடலடியில் அக்கற்கள் கிடந்த நிலையே ஒரு சான்று. எந்தக் கல்லின்மேல் எந்த இரும்பு கிடந்தது, கண்ணாடி எப்பக்கம் சரிந்தது என்பனவற்றினின்றே சரக்கு அடுக்கிய வரிசையும், கலத்தின் அகலமும், அது எப்பக்கம் சாய்ந்து அமிழ்ந்தது என்பதும் தெரியவரும். ஒரு பொருளை எடுத்தவுடன் அந்நிலை அழிகிறது. அதனை மீண்டும் அமைக்க இயலாது. அகழ்வோன் தான் வாசிக்கும் நூலின் பக்கத்தை வாசிக்கும்போதே கிழிக்கிறான். எனவே அவனுடைய பதிவே பின்வருவோர்க்கு மூலநூலாகிறது.

3. நாடாவும் எழுதுபலகையும்

பழங்கலமொன்றை நிலத்து அகழாய்வின் ஒழுங்கோடு கடலடியிலேயே முற்றும் அகழ்ந்த முதல் முயற்சி 1960-இல் துருக்கியின் கெலிடோனியா முனையில் நிகழ்ந்தது. அதன் தலைவர் ஜார்ஜ் பாஸ். அதற்கு முன்னர் மூழ்குவோர் பொருள்களை மேலே கொண்டுவர, ஆய்வாளர் கப்பல்தளத்தில் அமர்ந்து அவற்றைக் காண்பதே வழக்கம். ஆய்வாளனே மூழ்கிச் சென்று தன் கண்ணால் கண்டு அளக்கவேண்டும் என்று பாஸ் வற்புறுத்தினார்.

அவ்வேலையின் கடுமையை நிலத்தில் வாழும் நாம் எளிதில் உணரோம். முப்பது மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் நிலத்தினும் நான்கு மடங்கு. சாதாரணக் காற்றைச் சுவாசித்து அங்கு இருபது நிமிடம் அளவே இருக்கலாம். மிஞ்சினால் மேலேறும்போது இடையிடையே நெடுநேரம் நின்று வரவேண்டும். காற்றிலுள்ள நைட்ரஜன் அழுத்தத்தால் அறிவை மயக்கும். கீழே தெளிவாய் எழுதியதாக நினைத்தது மேலே வந்து பார்த்தால் பிழையாயிருக்கும். அந்நிலையில் அளவு நாடா, கம்பிச் சட்டம், நீரில் எழுதத்தக்க பலகை, எழுதுகோல் ஆகியவற்றைக் கொண்டே ஒவ்வொரு பொருளையும் அளந்தனர். துருக்கியின் உலுபுருன் என்னுமிடத்தில் கி.மு. பதினான்காம் நூற்றாண்டின் கலமொன்றை 1984 முதல் 1994 வரை பதினொரு பருவங்களில் அகழ்ந்தனர். அதற்கு 22,413 முறை மூழ்க வேண்டியதாயிற்று.

இக்காலத்து அகழாய்வுகளுள் நம் வாசகரின் கருத்தைக் கவரத்தக்கது யாசி அடாக் கலமாகும். கி.பி. ஏழாம் நூற்றாண்டில், ஏறத்தாழ 626-இல், துருக்கிக் கரையருகே மூழ்கிய இச்சிறு கலத்தை 1961 முதல் 1964 வரை பாஸ் குழுவினர் அகழ்ந்தனர். ஒரே காட்சியை இரு நிலைகளிலிருந்து படமெடுத்து, அப்படங்களினின்று ஆழத்தைக் கணிக்கும் இரட்டைப்பட அளவை முறை அங்குக் கையாளப்பட்டது. பிற்கால எண்முறைப் பதிவின் வித்து அதுவே. அக்கலத்தில் கிடைத்த துலாக்கோலொன்றில் உரிமையாளர் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது: ஜியார்ஜியோஸ், அவர் கலத்தலைவர், அவரே மூப்பருமாவார். திருச்சபையின் குரு ஒருவர் கப்பலை நடத்திச் சென்றார் என்னும் இச்செய்தி ஒரு நிறைகோலின் சில எழுத்துகளால் நமக்குக் கிட்டியது.

இக்கலத்தில் ஏறத்தாழ தொள்ளாயிரம் மதுச்சாடிகள் இருந்தன. எல்லாம் இருவகையினவே என்று கருதி, அன்று நூற்றுச்சொச்சம் சாடிகளை மட்டும் மேலே எடுத்து, மற்றவற்றைக் கடலடியிலேயே விட்டனர். 1980-களில் பிரெடரிக் வான் டூர்னிங்க் முதலியோர் எஞ்சிய சாடிகளை எடுத்துக் கழுவிப் பார்த்தபோது, அவை அளவிலும் வடிவிலும் பலவகையின என்பதும், பலவற்றில் கீறல் எழுத்துகளும் கிறிஸ்தவக் குறிகளும் உள்ளன என்பதும் வெளிப்பட்டன. அதனால் கலம் திருச்சபையின் பணியில் ஈடுபட்டிருக்கலாம் என்னும் புதிய விளக்கம் எழுந்தது. முதலில் அகழ்ந்தோர் சோம்பேறிகள் அல்லர்; அத்துறையின் தந்தையரே அவர்கள். எனினும் முக்கியமன்று என்று அவர்கள் கருதியது பதிவாகவில்லை. பதிவு செய்வோன் எதைத் தேடுகிறானோ அதையே காண்கிறான் என்னும் உண்மையை இதனினும் தெளிவாய் உரைக்கும் எடுத்துக்காட்டு அரிது.

4. எண்முறைப் பதிவின் வருகை

கணிப்பொறி முதலில் வந்தது அளவுகளைச் சரிபார்க்கவே. 1982-இல் கடலினின்று உயர்த்தப்பட்ட இங்கிலாந்தின் மேரி ரோஸ் என்னும் போர்க்கலத்தின் ஆய்வில் நிக் ரூல் என்பவர் ஒரு முறையை வகுத்தார். ஆய்விடத்தைச் சுற்றிலும் நிலையான புள்ளிகள் நாட்டப்படும். ஒரு பொருளுக்கும் அப்புள்ளிகளுள் நான்கேனும் ஒன்றற்கும் இடைப்பட்ட தூரம் நாடாவால் அளக்கப்படும். கணிப்பொறி அவ்வளவுகளை ஒப்பிட்டு, பொருளின் இடத்தைக் குறிப்பதோடு, எவ்வளவு பிழை நேர்ந்தது என்பதையும் கூறும். நான்கு சாட்சிகளுள் ஒருவர் பிசகினால் மற்ற மூவர் காட்டிக்கொடுப்பர். இரண்டு மூன்று சாட்சிகளின் வாக்கினால் காரியம் நிலைப்பட வேண்டும் என்னும் உபாகம நெறியை அறிந்த நமக்கு இது புதிதன்று.

அடுத்து வந்தது ஒளிப்பட அளவை. 1999 முதல் 2001 வரை துருக்கியின் தெக்தாஷ் புர்னு என்னுமிடத்தில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக் கலத்தை அகழ்ந்தபோது, எண்முறை ஒளிப்படங்களில் குறித்த புள்ளிகளைக் கணிப்பொறி வாயிலாக இணைத்து முப்பரிமாண இடம் கண்டனர். அன்று புள்ளிகளை மனிதரே ஒவ்வொன்றாய்க் குறிக்கவேண்டியிருந்தது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவ்வேலையையும் கணிப்பொறியே ஏற்றது.

இதன் அடிப்படை எளியது. நமக்கு இரு கண்கள் இருப்பதால் ஒரே பொருளின் சற்றே வேறுபட்ட இரு காட்சிகள் மூளைக்குச் செல்கின்றன. அவ்வேறுபாட்டினின்று மூளை தூரத்தை உணர்கிறது. அவ்வாறே மூழ்குவோன் ஆய்விடத்தின்மேல், உழவன் படைச்சால் ஓட்டுவதுபோல், முன்னும் பின்னும் நீந்தி, ஒவ்வொரு படமும் அடுத்த படத்தோடு பாதிக்குமேல் ஒன்றும்படி நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறான். கணிப்பொறி எல்லாப் படங்களிலும் ஒத்த புள்ளிகளைத் தேடி, படக்கருவி எவ்விடத்தில் எக்கோணத்தில் இருந்தது என்பதைக் கணித்து, கடலடியின் முப்பரிமாண உருவை அமைக்கிறது. அளவு தெரிந்த கோல்களை இடையிடையே வைத்துப் படமெடுப்பதால் உருவின் நீள அகலம் உறுதிப்படும். நீர் முதலில் விழுங்குவது செந்நிறத்தை. ஆகையால் வலிய விளக்குகளும் வேண்டும். ஒருவன் பல நாள் நாடாவோடு போராடிப் பெற்ற அளவுகளைவிட மிகுதியானவற்றை இன்று ஓரிரு முறை மூழ்கிப் பெறலாம். அகழ்வின் ஒவ்வொரு நாள் முடிவிலும் இவ்வாறு படமெடுத்தால், எடுக்கப்பட்டுப்போன அடுக்கை மீண்டும் திரையில் காணலாம். கிழித்த பக்கத்தின் படியாவது கையில் எஞ்சுகிறது.

மனிதர் மூழ்க இயலாத ஆழத்திற்கும் இம்முறை சென்றுள்ளது. ஒலியலையை அனுப்பி எதிரொலியால் கடலடியை வரையும் கருவியால் இடத்தைக் கண்டு, விளக்கும் படக்கருவியும் தாங்கிய இயந்திரத்தைக் கீழே இறக்குவர். 2015 முதல் 2017 வரை கருங்கடலில் நடந்த ஆய்வில் அறுபதுக்கும் மேற்பட்ட கலங்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 2,400 ஆண்டுப் பழமையுடைய கிரேக்கக் கலம். அடிநீரில் உயிர்வளி இன்மையால் புழு வாழ வகையின்றி, பாய்மரத்தோடு அது இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதனைப் படங்களாலேயே அளந்தனர்.

பவுலடியார் உடைகலத்தினின்று கரைசேர்ந்த மெலித்தாத் தீவையும் இங்கு நினைவுகூரலாம். அத்தீவுக் கூட்டத்தின் கோசோவுக்கு அருகே, 2007-இல் ஒலியலைக் கருவியால் பெனிக்கியரின் கலமொன்று கண்டறியப்பட்டது. கி.மு. ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்த அது 110 மீட்டர் ஆழத்தில் உள்ளது. சாடிகளோடு எரிமலைக் கல்லாலான அரைகற்களும் அதன் சரக்கு. கோதவாயாவிலும் அரைகல், மால்தாவிலும் அரைகல். பேரரசரின் பொன்னைவிட வீட்டுப் பெண்டிர் அரைத்த கல்லே கடலடியில் வரலாற்றைத் தாங்கி நிற்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் இருபத்தேழாம் அதிகாரத்தை எழுதிய லூக்காவும் அளவுகளை விடாமல் குறித்தவரே: முதலில் இருபது பாகம், பின்னர் பதினைந்து பாகம் ஆழம், பின்னணியத்தில் நான்கு நங்கூரம், கலத்தில் இருநூற்று எழுபத்தாறு பேர். ஜேம்ஸ் ஸ்மித் என்னும் கப்பலோட்டி அவ்வளவுகளைக் காற்றோடும் கடற்கரையோடும் ஒப்பிட்டு ஆராய்ந்து 1848-இல் நூலாக வெளியிட்டார். பதிவு துல்லியமாயிருந்தமையாலேயே பதினெட்டு நூற்றாண்டு கழித்தும் ஒருவர் அதனைச் சோதிக்க முடிந்தது.

5. கெனேசரேத்துப் படகு தரும் எச்சரிக்கை

1986 சனவரியில், மழை பொய்த்துக் கலிலேயாக் கடலின் நீர் வற்றியபோது, கினோசார் குடியிருப்பைச் சார்ந்த உடன்பிறந்தோர் இருவர் சேற்றில் படகொன்றின் விளிம்பைக் கண்டனர். கி.மு. முதல் நூற்றாண்டுக்கும் கி.பி. முதல் நூற்றாண்டுக்கும் உரியதாய்க் கணிக்கப்பட்ட அப்படகு எட்டு மீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளமும், இரண்டேகால் மீட்டர் அகலமும் கொண்டது. பொற்காசு நிறைந்த கலம் என்று வதந்தி பரவியதால் புதையல் தேடுவோர் கூடினர். ஏரியின் நீரும் ஏறத் தொடங்கியது. ஷெல்லி வாக்ஸ்மன் தலைமையில் பதினொரு நாள் இரவும் பகலும் உழைத்து, அளந்து, படமெடுத்து, நுரைப் பொருளால் படகைப் பொதிந்து மிதக்கவிட்டுக் கரைசேர்த்தனர். பழம் பலகைகளை மீண்டும் பயன்படுத்தி, ஒட்டுமேல் ஒட்டுப்போட்டு ஓட்டிய ஏழைத் தொழிலாளரின் படகு அது என்பதை அதன் மரங்களே உரைத்தன.

இப்படகை இயேசு ஏறிய படகு என்று நம் பிரசங்க பீடங்களிலிருந்து கூறக் கேட்டிருக்கிறோம். அதற்கு எவ்விதச் சான்றும் இல்லை. அக்காலத்து மீனவர் எத்தகைய படகில் சென்றனர் என்று காட்டுவதே அதன் பெருமை, அதுவே போதுமானது. எண்முறைப் படங்கள் பெருகிய இந்நாளில் இவ்வெச்சரிக்கை மேலும் இன்றியமையாதது. அளந்து பெற்ற உருவையும், அளவில்லாத பகுதியைக் கற்பனையால் நிரப்பிய உருவையும் கணிப்பொறி ஒரே அழகோடு காட்டும். கீழே எஞ்சியது ஐந்து பலகை. திரையில் தோன்றுவதோ பாய் விரித்த முழுக்கலம். காண்போன் எது கண்டது, எது கருதியது என்று வேறுபடுத்த இயலாமல் மயங்குவான். நேர்மையுள்ள ஆய்வாளர் அவ்விரண்டையும் வெவ்வேறு நிறத்தால் காட்டுவர். ஜேம்ஸ் அரசர் காலத்து ஆங்கிலத் திருமறையில், மூலத்தில் இல்லாது மொழிபெயர்ப்பாளர் சேர்த்த சொற்கள் வேறு எழுத்தில் அச்சிடப்பட்டதை ஒப்பிடலாம். சேர்ப்பது குற்றமன்று, சேர்த்ததை மறைப்பதே குற்றம்.

6. பதிவின் வரம்புகள்

எண்முறைப் பதிவால் எல்லாம் தீர்ந்தது என்று எண்ணுவதும் பிழையே. மூன்று வரம்புகளைச் சுட்டுகிறோம்.

முதலாவது, படக்கருவி காண்பதற்கும் மனிதன் காண்பதற்கும் உள்ள வேறுபாடு. ஒரு பலகையின் ஆணித்துளையைக் கையால் வரைபவன் அதனை நெடுநேரம் நோக்குகிறான். நோக்கும்போது வினா எழுகிறது. விரைந்து படமெடுத்துச் செல்பவன் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறான். ஆகவேதான் அனுபவமிக்கோர் இன்றும் எழுதுகோலைக் கைவிடவில்லை. யாசி அடாவின் விடுபட்ட சாடிகளைப் படக்கருவி பதிந்திருக்கும். அவற்றின் கீறல் எழுத்தைக் காண அவற்றைக் கழுவிப் பார்க்கும் கையும் கண்ணும் வேண்டியிருந்தன.

இரண்டாவது, பதிவின் ஆயுள். 1086-இல் தோலில் எழுதிய இங்கிலாந்தின் நிலக்கணக்கேட்டை இன்றும் வாசிக்கலாம். அதன் தொள்ளாயிரமாவது ஆண்டு நினைவாக 1986-இல் ஒளித்தட்டுகளில் தொகுத்த புதிய ஏட்டையோ, பதினைந்து ஆண்டுகளுக்குள் வாசிக்கக் கருவியின்றி அல்லலுற்று, தனி முயற்சியால் மீட்க வேண்டியதாயிற்று. எண்முறைப் பதிவு ஓலைச்சுவடி போன்றது; ஓலை நைந்து போகுமுன் படியெடுத்து வந்தால் வாழும், விட்டால் மாளும்.

மூன்றாவது, பதிவு பொருளைக் காக்காது. சாவகக் கடலில் 1942-இல் மூழ்கிய டச்சுப் போர்க்கலங்கள் சில அடியோடு காணாமற்போனதை 2016-இல் ஒலியலைப் பதிவு காட்டிற்று. அவை கிடந்த பள்ளத்தின் துல்லியமான உருவே மிஞ்சியது. இரும்புக்காகப் பெயர்த்தோர் கலத்தையும், அதில் உறங்கிய மாலுமியரின் கல்லறையையும் ஒருங்கே கொண்டுபோயினர். 2001-இல் யுனெஸ்கோ நிறைவேற்றிய உடன்படிக்கை மூழ்கிய மரபுச் செல்வத்தை வணிகத்திற்கு உட்படுத்தலாகாது என்றும், இருக்குமிடத்திலேயே காப்பதை முதலில் கருதவேண்டும் என்றும் கூறுவது இதனாலேயாம். மேலும், பதிவு யார் கையில் இருக்கிறது என்பதும் ஒரு நீதி வினாவாகும். கோதவாயாவின் முதற்கல்லைக் கண்டோர் சங்கு குளிப்போர். கடலடி உருவம் தொலைநாட்டுக் கணிப்பொறியில் அழகுற மிளிர, அக்கரை மீனவரின் பிள்ளைகள் அதனைக் காணாதிருப்பின், அப்பதிவு தன் கடமையை முற்றும் செய்ததாகாது.

முடிவுரை

மீண்டும் அழகர்மலைக்கு வருவோம். கழியில் கட்டிய விளக்கால் நம் மாணவர் செய்தது, ஆய்வாளர் இன்று எண்முறையில் செய்வதன் எளிய வடிவமே. 2001-இல் டாம் மால்ஸ்பெண்டர் என்பவர் வகுத்த முறையில், பல திசைகளிலிருந்து ஒளி வீழ்த்திப் படமெடுத்துக் கணிப்பொறியில் ஒன்றுசேர்ப்பர்; பின் விளக்கின் திசையைத் திரையில் வேண்டியவாறு மாற்றித் தேய்ந்த எழுத்தையும் வாசிக்கலாம். கல்வெட்டுக்கும் நாணயத்துக்கும் கடலில் கிடைத்த பொருளுக்கும் அது பயன்படுகிறது.

நம் சுற்றுவட்டாரத்து மலைகளுக்கு இப்பதிவு எவ்வளவு அவசரமானது என்பதை அண்மைக்கால நிகழ்ச்சிகள் உணர்த்தின. தமிழ்-பிராமிக் கல்வெட்டும் குடைவரையும் உடைய அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதனை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட 2024-இல் ஏலம் விடப்பட்டது. மேலூர் வட்டார மக்கள் திரண்டெழுந்து போராடியபின், 2025 சனவரியில் மைய அரசு அவ்வேலத்தை நீக்கியது. மலையைக் காத்தது படமன்று. அம்மலை தம்முடையது என்று அறிந்த மக்களே. ஆனால் அவ்வறிவை அவர்களுக்கு அளித்ததில், வெயிலில் மலையேறிப் படியெடுத்தோரின் பல்லாண்டு உழைப்புக்கும் பங்குண்டு.

நாம் முன்பு பணியாற்றிய ஒரு சேகரத்தில், நூறாண்டுப் பழமையுடைய திருமுழுக்குப் பதிவேடு மரப்பெட்டியில் பத்திரமாய் இருக்கிறது என்றே நம்பியிருந்தோம். ஒருநாள் தம் பாட்டியின் பெயரைத் தேடி ஒரு முதியவர் வந்தார். பெட்டியைத் திறந்தபோது அட்டை மட்டும் முழுமையாயிருந்தது. உள்ளே கரையான் மண். படியெடுக்க நமக்கு ஏழாண்டு வாய்ப்பிருந்தது, நாம் செய்யவில்லை. அம்முதியவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிச் சென்றதை இன்றும் மறக்க இயலவில்லை. அப்பெண்ணின் பெயர் எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அவ்வேடாயிருந்திருக்கலாம்.

உப்பு வணிகன் தன் பெயரைப் பாறையில் வெட்டுவித்தான், அது நின்றது. கோதவாயாக் கலத்தில் சென்றோரின் பெயர்கள் நீரோடு போயின. அவர்களின் சரக்கு கிடந்த நிலையே அவர்களைக் குறித்து நமக்குள்ள எழுத்து. எனவே இறையியல் மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: நீங்கள் செல்லும் சேகரத்தில் முதல் மாதத்திலேயே பழைய ஏடுகளையும், கல்லறைக் கற்களையும், கோவில் மணியின் எழுத்தையும் சாய்ந்த ஒளியில் படமெடுங்கள். ஒரு படி உங்களிடமும், ஒன்று சபையிடமும், ஒன்று ஆவணக் காப்பகத்திலும் இருக்கட்டும். கண்டதைக் கண்டதாகவும், கருதியதைக் கருதியதாகவும் குறியுங்கள். பொருளை முதலில் காட்டித் தந்தவர் யாரோ, அவருக்கும் ஒரு படி கொடுங்கள். அன்று குகையில் வினவிய மாணவருக்கு நாம் தரவேண்டிய விடையும் இதனுள் அடங்கும்: கப்பல்கள் கடலடியில் இருக்கின்றன, நாம் சென்று சேரும் வரை அவை காத்திருக்கும் என்னும் உறுதி மட்டும் இல்லை.